உங்கள் விரல் வெளிநாடு போகிறது

என் அருமை மச்சானுக்கு,

லால்குடி தொடங்கித் தொட்டியம் வரை ஒற்றை விரலால் ஆண்ட சக்கரவர்த்திக்கு, உங்கள் மனைவியின் ஒரே தம்பியும், நீங்கள் இருந்தவரை "இவனை யாருடி வீட்டுக்குள்ள விட்டது?" என்று தினமும் உங்களால் பாசத்தோடு விசாரிக்கப்பட்டவனுமான சிங்காரம் இரண்டு கையையும் கூப்பி எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே எப்படி? மேலுலகத்தில் கல்யாணம் உண்டா? உண்டென்றால் எனக்குக் கவலையில்லை. போய்ச் சேர்ந்த மறுநாளே மணமேடை ஓரத்தில் உங்கள் இடத்தைப் பிடித்திருப்பீர்கள். கல்யாணமே நடக்காத ஊர் என்றால்தான் கஷ்டம். அந்த விரலை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வீர்கள்?

உங்களைத் தெரியாத துரதிர்ஷ்டசாலிகள் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா சரோஜாவின் கணவராகிய நீங்கள், மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடம் பட்டுப் புடவை விரித்துக் காட்டினீர்கள். அது பிழைப்பு. உங்கள் பிறவிப் பயன் வேறு. ஐயர் "கெட்டி மேளம்" என்று வாயைத் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால், மேடை ஓரத்தில் உங்கள் வலது ஆள்காட்டி விரல் எழும்பும். தவில் இடி இடிக்கும். நாயனம் கூரையைப் பிய்க்கும். அட்சதை மழை கொட்டும். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அதே கையை விரித்து, ஏதோ பறந்துகொண்டிருப்பதைப் பிடிப்பது போல மெல்ல மூடுவீர்கள். சட்டென்று மண்டபமே மௌனமாகிவிடும். பக்கத்துத் தெருவில் நாய்கூடக் குரைப்பதை நிறுத்தும். நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் உங்களுக்குச் சங்கீதம் சுத்த சூன்யம். நீங்கள் குளியலறையில் பாடினால் அக்கா அடுப்பில் பால் பொங்குகிறதோ என்று ஓடிப் பார்ப்பாள். ஆனால் தாலி முடியும் அந்த நொடி மட்டும் உங்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். கூட்டத்தில் எவனோ தும்மப்போகிறான் என்பதுகூட அவனுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அபசகுனத் தும்மலை மேளத்தில் மூழ்கடித்து எத்தனை தம்பதிகளைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்!

நீங்கள் போன பிறகு அந்தச் சிம்மாசனத்தில் ஒருமனதாக என்னை உட்கார வைத்தார்கள். வேறு யாரும் முன்வராததால் ஒருமனம். முதல் கல்யாணம் லால்குடியில். மாப்பிள்ளை இன்னும் மாலையைக்கூடச் சரி செய்யவில்லை. எனக்குக் காபி வேண்டியிருந்தது. காபிக்காரரைப் பார்த்து "ஒண்ணு" என்று விரலைத் தூக்கினேன். அவ்வளவுதான். இடி, மழை, அட்சதை, எல்லாம். பதறிப்போன மாப்பிள்ளை கையில் அகப்பட்டதை எடுத்துப் பெண் கழுத்தில் கட்டப்போனார். அது அவருடைய அங்கவஸ்திரம். அன்றோடு என் ஆட்சி முடிந்தது. மூன்று நிமிட ஆட்சி. சரித்திரத்தில் இடம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் அபிராமியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அபி கல்லூரியில் பாட்டுக் குழுவில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். பிறகு அந்தக் குழுவை அவளே நடத்த ஆரம்பித்தது தெரியாது. நாற்பது பெண்களுக்கு முன்னால் நின்று கையை அசைத்தால் நாற்பதும் ஒரே தொண்டையாகிவிடும். ஒருநாள் வந்து, இதையே இரண்டு வருடம் மேல்படிப்பாகப் படிக்கப் போகிறேன் என்றாள். எங்கே? ஹங்கேரியில். ஒரு பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறதாம். இசைக்குழுவை நடத்துவது எப்படி என்று சொல்லித் தருகிறார்களாம்.

வீட்டில் பூகம்பம். காவிரிப் பாலமே இரண்டடி நகர்ந்திருக்கும். தொட்டியத்திலிருந்து உங்கள் அண்ணன், வாழைத்தாருக்கு நடுவில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"கையை ஆட்டறதுக்கு ரெண்டு வருசப் படிப்பா? அப்ப மலைக்கோட்டை வாசல்ல நிக்கிற டிராபிக் போலீஸ்காரரு டாக்டர் பட்டம்ல வாங்கியிருக்கணும்?"

"பெரியப்பா, அவருக்கு யாரும் கட்டுப்படறதில்ல. அதான் பட்டம் குடுக்கல" என்றாள் அபி.

"சரி, படிச்சு முடிச்சா என்ன வேலை?"

"பாட்டுக் குழு நடத்தலாம். காலேஜ்ல சொல்லிக் குடுக்கலாம். இசை நாடகத்துல பாடறவங்களைத் தயார் பண்ணலாம். சினிமாவுக்குப் பெரிய வாத்தியக் குழு வாசிக்கும்போது முன்னாடி நிக்கலாம். எதுவும் இல்லேன்னா இன்னொருத்தர் நடத்தறப்ப பக்கத்துல உக்காந்து தப்பு கண்டுபிடிச்சுச் சொல்லலாம். அதுக்கும் ஆள் வைக்கிறாங்க."

"அந்தக் கடைசி வேலைக்கு அக்கா படிக்காமலே போலாமே" என்றேன் நான். அக்கா கையிலிருந்த கரண்டி என் காதுக்கு நாலு அங்குலம் தள்ளிப் பறந்தது.

அக்காவுக்குக் கோபமில்லை மச்சான், பயம். நீங்களும் இல்லை, இவளும் போய்விட்டால்? கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டாள். "இந்த ஒரே ஒரு விண்ணப்பம். கெடைச்சா போ. கெடைக்கலேன்னா பேங்க் பரிட்சை எழுதணும், நான் காட்டற மாப்பிள்ளைய பாக்கணும். அப்புறம் இந்தப் பேச்சே கூடாது." அபி உடனே சரி என்றாள். அந்தச் சரியில் உங்கள் பிடிவாதம் அப்படியே இருந்தது.

விண்ணப்பத்தோடு ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். ஏதாவதொரு குழுவை அபி ஒத்திகை பார்த்து நடத்துவது போல, பதினைந்து நிமிடம். கேமரா குழுவைப் பார்க்கக் கூடாது, அபியின் முகத்தையும் கையையும்தான் பார்க்க வேண்டும். இடையில் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. சிக்கல் என்னவென்றால் கல்லூரி முடிந்து அந்த நாற்பது பெண்களும் நாலா திசையும் போய்விட்டார்கள். கெடுவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

அப்போதுதான் நான் எழுந்து நின்றேன். "கவலைப்படாதே, நாளைக் காலையில் உனக்கு நூறு வித்வான்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன்" என்று சபதம் செய்தேன். வந்தவர்கள் பதினொரு பேர். ஊரில் மிச்சமிருந்த பழைய குழுப் பெண்கள் எட்டுப் பேர். பாலக்கரை பேண்டு செட்டிலிருந்து டிரம்பெட் வாசிக்கும் பீட்டர் அண்ணன். ஸ்ரீரங்கத்தில் வயலின் சொல்லிக் கொடுக்கும் ரங்கநாயகி மாமி. முரசுக்குப் பதிலாக, நம் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக வாசிக்கும் தவில் கலியமூர்த்தி. மார்கழி மாதமல்லவா, முகூர்த்தமே கிடையாது. கலியமூர்த்தியும் சும்மா இருந்தார், கல்யாண மண்டபமும் சும்மா இருந்தது. அம்மா மண்டபம் சாலையில் ஒரு மண்டபத்தை எனக்காகத் திறந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும், ஏகாதசித் திருவிழாவுக்கு வந்திருக்கும் பக்தர்களுக்கு அங்கேதான் சாப்பாடு என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தத் தப்பைச் செய்தவன் நான்தான் மச்சான். தவில்காரரைக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தவன் நான்தான்.

எல்லோரையும் மணமேடையில் ஏற்றினோம். "எனக்கு நாற்காலி ஒத்துக்காது சார், ஒரு ஜமக்காளம் போடச் சொல்லுங்கோ. தளிகை பண்ணி வெச்சுட்டு, பெருமாளைச் சேவிச்சுட்டு ஓடி வந்திருக்கேன்" என்றார் மாமி. மேடை விளிம்பில் ஒரு அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு செம்பு வைத்து, செம்பில் என் போனைச் சாய்த்தேன். அபி மேடைக்குக் கீழே அவர்களைப் பார்த்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் மண்டபம், காலி நாற்காலிகள்.

பாட்டு அவளே எழுதியது. ஒரு தாலாட்டு. மாமிக்கு ஸ்வரமாகவும், பீட்டர் அண்ணனுக்கு மேல்நாட்டு முறைப்படி ஐந்து கோட்டுப் புள்ளிகளாகவும் எழுதிக் கொடுத்திருந்தாள். கலியமூர்த்திக்கு வாயாலேயே சொன்னாள். தொடக்கம் மிக மெல்லியதாக இருக்க வேண்டும், குழந்தை புரண்டு படுக்கிற சத்தம்தான் கேட்க வேண்டும் என்றாள். கலியமூர்த்தி, "பாப்பா, பூப் பறிக்கிற மாரி தொடறேன்" என்றார். எனக்கு உத்தியோகம் எதுவும் இல்லாததால் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டேன். பெண்கள் அபியை விட்டுவிட்டு என் தொடையைப் பார்த்துப் பாடிப் பழகினார்கள்.

"மாமா, தொடைய விட்டுக் கைய எடுங்க."

"சங்கீத ஞானம்மா, அடக்க முடியலை."

"அப்ப வெளிய போயி அடக்குங்க."

எடுத்துவிட்டேன்.

முதல் பதிவு. அபி எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். வலது ஆள்காட்டி விரலை உயர்த்தினாள்.

மச்சான், நான் சத்தியமாகச் சொல்கிறேன். அதே மூச்சு. அதே விரல். அதே சாய்வு.

கலியமூர்த்தி பூப் பறிக்கவில்லை. மலையைப் பெயர்த்தார். கெட்டி மேளம்! பேண்டு செட்டில் இருந்தாலும் பீட்டர் அண்ணனும் ஆயிரம் கல்யாணம் பார்த்தவர், அவர் கையும் தானாக எழும்பி டிரம்பெட் முழங்கியது. மாமி வில்லைக் கீழே போட்டுவிட்டுத் தலையிலிருந்த கதம்பத்தைப் பிய்த்து அபி மீது வீசினார். சமையலறையிலிருந்து ஒருவர் கரண்டியோடு ஓடிவந்து, "முடிஞ்சுதா? பந்திக்கு இலை போட்டுரலாமா?" என்றார்.

இரண்டாவது பதிவுக்கு விரல் தெரியாமல் இருக்க ஒரு தென்னங்குச்சியைச் சீவிக் கொடுத்தேன். அபி குச்சியைத் தூக்கினாள். மறுபடியும் மலை பெயர்ந்தது. கலியமூர்த்தி தவிலை விட்டு எழுந்து வந்து, அபி முன்னால் நின்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"பாப்பா, என்னை வெச்சுக்காத. வேற ஆளப் பாரு. குச்சிக்குப் பின்னாடி உங்கப்பா விரல் தெரியுதும்மா. முப்பது வருசம் அந்த விரலப் பாத்து அடிச்ச கை. நான் அடிக்கல, கை தானா போவுது."

மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் வேறு பக்கம் திரும்பி அண்டாவை ஆராய்ந்தேன். நல்ல அண்டா.

மணி பதினொன்றே கால். அதற்குள் பக்தர்கள் வந்து நாற்காலிகளில் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். இனி ஒரு பதிவுக்குத்தான் நேரம். அக்கா மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

அபி கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போயி உக்காருங்க மாமா. நான் விரல் தூக்கும்போது கை எப்படிப் போவுதோ அப்படியே அடிங்க. அடக்காதீங்க."

"அப்ப தாலாட்டு?"

"அதை நான் பாத்துக்கறேன்."

மூன்றாவது பதிவு. மூச்சு. விரல். இடி விழுந்தது. அபிக்குப் பின்னால் என்ன நடந்தது தெரியுமா? அத்தனை பக்தர்களும் எழுந்து நின்றார்கள். யாருக்குக் கல்யாணம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையிலிருந்த துளசியை, பூவை, ஒருவர் அவசரத்தில் பொரிகடலையை அபி முதுகில் வீசினார்கள். ஒரு கிழவி "தீர்க்காயுசா இரும்மா" என்று கத்தினாள். பாதிப் பேர் மண்டபக் கோடியில் போட்டிருந்த சாப்பாட்டு மேசைகளை நோக்கி ஓடினார்கள். சமையல்காரர் இந்த முறை யாரையும் கேட்கவில்லை, நேராக இலை போட ஆரம்பித்துவிட்டார். எல்லாம் போனில் பதிவாகிக்கொண்டிருந்தது. எனக்கு ஹங்கேரியே கண்ணெதிரே மூழ்கியது.

அபி திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் துளசியோடு, மேளத்தை இன்னும் கொஞ்சம் வளரவிட்டாள். பிறகு கையை விரித்தாள். பறந்துகொண்டிருந்த எதையோ பிடித்து, மெல்ல மூடினாள்.

மூன்றாவது முடிச்சு.

அந்த மூடலை நாங்கள் எல்லோரும் மறந்தே போயிருந்தோம் மச்சான். விரலைத்தான் ஞாபகம் வைத்திருந்தோம். கலியமூர்த்தியின் கை மறக்கவில்லை. சட்டென்று நின்றது. டிரம்பெட் நின்றது. பந்திக்கு ஓடியவர்கள் ஒரு கால் முன்னே வைத்தபடி நின்றார்கள். அந்த அமைதிக்குள்ளிருந்து எட்டுப் பெண்களும் தாலாட்டைத் தொடங்கினார்கள். மாமியின் வயலின் பின்னாலேயே வந்தது. கலியமூர்த்தி தவிலைத் தொட்டது எனக்குக் கேட்கவே இல்லை, தெரிந்தது. இடிக்குப் பிறகு தூங்கும் குழந்தை. அதைவிட மெல்லிய சத்தம் ஸ்ரீரங்கத்தில் அதற்கு முன் ஒலித்திருக்காது. மார்கழிக் கொசுகூட அன்று இறக்கையை மடித்துக்கொண்டது.

வாசலில் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீடியோவை அனுப்பினோம். மாசியில் நேர்காணல், கம்ப்யூட்டர் வழியாக. "மாமா இந்த ரூமுக்குள்ள மட்டும் வரக் கூடாது" என்று எனக்கு ஊரடங்கு. கதவுக்குப் பின்னால் காதை ஒட்டிவைத்தேன். உங்கள் மனைவி என் தோளுக்குப் பின்னால். மூன்று பேராசிரியர்கள் கேட்டார்கள். அவர்கள் இங்கிலீஷை என் பாண்டித்தியத்தில் தமிழாக்கித் தருகிறேன்.

"உங்களுக்குப் பின்னால் ஒருவர் வரிசையாக இலை போடுகிறாரே, அது உங்கள் ஊர் இசை மரபா?"

"இல்லை. பசி."

சிரிப்புச் சத்தம். பிறகு ஒரு வயதான அம்மாள் குரல். "அந்த நிறுத்தம். அவ்வளவு பெரிய சத்தத்தைக் கையால் மூடினீர்களே. எந்த ஆசிரியரிடம் கற்றீர்கள்?"

"யாரும் சொல்லித் தரலை. எங்கப்பா செய்வார்."

"உங்கள் அப்பா எந்த இசைக்குழுவை நடத்தினார்?"

அக்காவின் நகம் என் தோளில் இறங்கியது. இன்னும் தழும்பு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

"ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஐந்நூறு சொந்தக்காரங்க" என்றாள் அபி. "அவருக்குச் சுருதி தெரியாது. எப்ப தொடங்கணும், எப்ப நிறுத்தணும்னு மட்டும் தெரியும்."

"அது தெரியாத பெரிய மனிதர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்" என்றார் அந்த அம்மாள்.

பங்குனியில் பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. நான் தெருவில் ஓடி நூற்றெட்டுப் பேருக்குச் சொன்னேன். அதில் எட்டுப் பேர் தெரிந்தவர்கள். அக்கா, பூட்டியிருந்த உங்கள் பீரோவைத் திறந்து, முகூர்த்தத்துக்கு மட்டும் நீங்கள் போடும் அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்து அபியின் பெட்டியில் வைத்தாள். "குளிருக்கு உள்ள போட்டுக்க" என்றாள். அந்த மெல்லிய சட்டை ஹங்கேரிக் குளிரை என்ன செய்யும்? நான் கேட்கவில்லை. கரண்டி பக்கத்திலேயே இருந்தது.

போன வாரம், ஆவணி முகூர்த்த நாளில், திருச்சி ஏர்போர்ட். வாசலில் அக்கா அவ்வளவு நாளும் அடக்கிவைத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"உங்கப்பாவும் இல்லை. உன் கல்யாணத்துல யாருடி விரல் தூக்கறது? இவனா?" என்று என்னைக் காட்டினாள். எனக்கே பயமாக இருந்தது.

"நானேதாம்மா" என்றாள் அபி.

"கல்யாணப் பொண்ணு எங்கயாவது தானே விரல் தூக்குவாளா?"

"எப்ப தொடங்கணும்னு அவளுக்குத்தானம்மா தெரியணும்?"

அக்கா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். நீங்கள் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. உங்களுக்கு அங்கே கேட்டிருக்க வேண்டுமே?

அபி கண்ணாடிக் கதவுக்குள் போனாள். அப்போதுதான் கலியமூர்த்தி ஒரு கல்யாணத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். தவிலை மண்டபத்தில் விட்டுவிட்டார். தவில் வாசிக்க விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைக் கழற்றவில்லை. உள்ளேயிருந்து அபி திரும்பினாள். எங்களைப் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்தாள்.

விரல் எழும்பியது.

கலியமூர்த்தி பக்கத்தில் யாரோ தள்ளிக்கொண்டு வந்த டிராலியில் இருந்த பெட்டியை வெளுத்து வாங்கினார். துபாய் போகிற ஒரு குடும்பமே கையெடுத்துக் கும்பிட்டது. காவலுக்கு நின்றவர் ஓடிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டினார். அபி கையை விரித்து, மூடினாள். எல்லாம் நின்றது. அவள் போய்விட்டாள்.

மச்சான், உங்கள் மைத்துனன் இதுவரை உங்களுக்குக் கொடுத்த வாக்கு எதையும் காப்பாற்றியதில்லை. இதை மட்டும் காப்பாற்றுவேன். அக்காவை வாரம் மூன்று முறை சிரிக்கவைப்பேன், கரண்டி அடி உட்பட. அபி என்றைக்குக் கல்யாணம் செய்துகொண்டாலும், செய்துகொள்ளாவிட்டாலும், அவள் விரல் எழும்புகிற இடத்தில் என் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குக் காபி கேட்க மாட்டேன்.

உங்கள் சிம்மாசனத்தில் மூன்றே நிமிடம் உட்கார்ந்தவனும்,
உங்கள் மனைவிக்குத் தம்பியும், உங்கள் மகளுக்குத் தாய்மாமனுமான
மைத்துனன் சிங்காரம்